பன்னிரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் எரிந்த விளக்கு

என் இடது கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம் இருக்கிறது. பிறந்தபோதே இருந்ததாம். சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் என்னைப் படம் எடுத்துக் கொடுத்தாள். அதில் மச்சத்தைக் காணோம். கன்னம் வழுவழுவென்று யாருடைய கன்னம் போலவோ இருந்தது. மச்சம் எங்கேடி என்று கேட்டேன். "அதுவே அழகா பண்ணிடும் ஆன்ட்டி, நாம ஒண்ணுமே பண்ண வேணாம்" என்றாள், எனக்கு ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதைப்போல.

படம் எங்கள் தொழிற்சாலையின் ஓய்வுபெற்றோர் சங்கத்து மலருக்காக. கடைசி மூன்று வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்த நாகராஜ் இப்போது தானும் ஓய்வு பெற்று அந்தச் சங்கத்தின் செயலாளர் ஆகிவிட்டார். போன் செய்து கேட்டார். "மேடம், ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. போட்டோ செக்‌ஷன் பத்தி யாருமே எழுதல. நல்ல நல்ல விஷயமா இருந்தா போதும், ரொம்ப சீரியஸா வேணாம்."

நல்ல விஷயமாக நாலு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் 'அதுவே பண்ணிடும்' என்ற வார்த்தை காதிலேயே நின்றுவிட்டது. இதே வார்த்தையை இருபது வருடத்துக்கு முன்னால் வேறொருவர் வாயில் கேட்டேன். அதனால் ஒரு மனிதரின் பிழைப்பு போயிற்று. அதைப் போக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே நாகராஜ் கேட்டது வேறு, நான் எழுதுவது வேறு.

என் பெயர் ஸ்டெல்லா. ஆஸ்டின் டவுனில் பிறந்து, அங்கேயே கல்யாணம் ஆகி, அங்கேயே கிழவியும் ஆகிவிட்டேன். இருபத்திரண்டு வயதில் தொழிற்சாலையின் போட்டோ பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் பத்து வருடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இருட்டறையில் நின்றேன். விரல் நுனிகள் பழுப்பாயின, கால் நரம்பு சுருண்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கேமராவை என் கையில் கொடுத்தார்கள்.

போட்டோ பிரிவு என்றால் பெரிய மனிதர்கள் வரும்போது மாலை மரியாதையைப் படம் எடுப்பது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடைந்த இரும்பு, விரிசல் விட்ட அச்சு, எரிந்துபோன மோட்டார், ஆள் அடிபட்ட இடம், இவைதான் எங்கள் சப்ஜெக்ட். ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் அதை யாரும் தொடுவதற்கு முன்னால் நாங்கள் போக வேண்டும். எங்கள் படத்தை வைத்துத்தான் யார் மேல் தப்பு என்று மேலே முடிவு செய்வார்கள்.

எங்கள் தலைவர் கேசவமூர்த்தி சார். மைசூர் பக்கத்துக்காரர். மே மாதத்திலும் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கன்னடத்தில்தான் கேட்பார்: "எஷ்டு?" எத்தனை. காலையில் கேமராவோடு கிளம்பும்போது எத்தனை பிலிம் என்று கேட்பார். திரும்பி வந்ததும் எத்தனை எடுத்தாய் என்று கேட்பார். கழுவிய பிறகு எத்தனை வந்தது, பிரின்ட் எத்தனை, கவரில் போட்டது எத்தனை. ஒவ்வொன்றுக்கும் தலையை நிமிர்த்தாமல் அதே 'எஷ்டு'. எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அன்று பிரிவில் யாரும் டீ குடிக்க முடியாது. கோபப்பட மாட்டார். குறைந்தது கிடைக்கும்வரை தானும் டீ குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஒருமுறை அச்சு முறிந்த விஷயமாக நடந்த கூட்டத்தில், படத்தில் இருக்கிற விரிசலைத் தவிர பின்பக்கமும் ஒரு விரிசல் பார்த்தேன் என்று நான் சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்து எங்கள் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினார். "பின்னாடி விரிசல் படத்துல இருக்காம்மா?" என்றார். இல்லை சார், ஆனால் பார்த்தேன் என்றேன். "பார்த்தது நமக்கு எதுக்கு? பார்த்தவங்க நூறு பேர் இருப்பாங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நமக்கு வாய் கிடையாது. படத்துல என்ன இருக்கோ அதுதான் நம்ம வாய். புரிஞ்சுதா?"

புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்தது. அடுத்த பதினைந்து வருடம் நான் கண்ணால் பார்த்த எதையும் வாயால் சொன்னதில்லை. எங்கள் பிரிவின் பெருமையே அதுதான் என்று புதிதாக வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

டிஜிட்டல் கேமரா வந்தபோது கேசவமூர்த்தி சாருக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. கேமராப் பெட்டியில் ஒரு சிடி இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் படங்களை இறக்கும் மென்பொருளோடு ஆல்பம் செய்வது, வாழ்த்து அட்டை செய்வது, இன்டர்நெட்டைத் திறந்தால் மேலே ஒரு பட்டையை ஒட்டுவது என்று கேட்காத சாமான்கள் நாலைந்து சேர்ந்தே உள்ளே நுழையும். சார் அதைப் பிரிக்கக்கூட இல்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல மூணாவது ஆள் எதுக்கு? கார்டுல இருக்கறது ஃபைல். ஃபைலைக் காப்பி பண்றதுக்கு அவன் தயவு வேணுமா?" என்றார். ஐம்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட மனிதர் சொன்னது இது.

அவர் வகுத்த முறையை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேமராவை அணைத்துவிட்டுத்தான் மெமரி கார்டை வெளியே எடுக்க வேண்டும். கார்டின் ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளிவிட்டால் யாராலும் எதையும் அழிக்க முடியாது. பிறகு கார்டு ரீடரில் செருக வேண்டும். உடனே கம்ப்யூட்டர் முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து என்ன செய்யட்டும் என்று கேட்கும். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அதை மூட வேண்டும். நாமே கார்டுக்குள் போய், படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்து, எத்தனை ஃபைல், மொத்த அளவு எவ்வளவு என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். கேஸ் நம்பரும் தேதியும் போட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு புதுக் கோப்புறை. அதில் எல்லாவற்றையும் காப்பி செய்ய வேண்டும், கட் செய்யக் கூடாது. கட் என்ற வார்த்தையே அந்த அறையில் தடை. முடிந்ததும் மறுபடி எண்ணிக்கை, மறுபடி அளவு. அப்புறம் முதல் படம், கடைசிப் படம், நடுவில் ஒன்று, இந்த மூன்றையும் கார்டிலும் கம்ப்யூட்டரிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விசாரணை முடிந்து கையெழுத்து ஆகும்வரை அந்தக் கார்டு கவரில் ஒட்டி பீரோவில் கிடக்கும். இவ்வளவும் ஆக கால் மணி நேரம். ஒரு தடவைகூட ஒரு படமும் போனதில்லை.

சார் ஓய்வு பெற்ற மறு வருடமே போட்டோ பிரிவைக் கம்ப்யூட்டர் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். என்னைப் பொறுப்பாக வைத்தார்கள், ஆனால் எனக்கு மேலே கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். புதுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தார். வைரஸ் வருகிறது என்று கார்டு ரீடர்களை எல்லாம் தொழிற்சாலை முழுக்கப் பறித்துக்கொண்டார்கள். கேமராவைக் கேபிளில் மாட்டினால் போதும் என்றார். சார் பூட்டி வைத்த சிடியை அலமாரியிலிருந்து எடுத்து, இவரே உட்கார்ந்து ஏற்றினார். அன்றிலிருந்து கேமராவை மாட்டினாலே அந்த மென்பொருள் தானாக எழுந்து நிற்கும். அதில் நாலைந்து கட்டங்களில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

"இது என்ன சார் டிக்கு?" என்று கேட்டேன்.

"அதுவே எல்லாம் பண்ணிடும் மேடம். நீங்க நெக்ஸ்ட் நெக்ஸ்ட் குடுங்க. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரமா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். இந்த ஊரில் நாம் எல்லோரும் செய்வதுதானே. ஒரு முறை சண்டை போட்டேன், எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன், பதில் வரவில்லை, விட்டுவிட்டேன். படிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும் அந்தப் பொடி எழுத்தை நான் ஒருநாளும் படிக்கவில்லை.

செல்வம் தகடு வெட்டும் பிரிவில் பிரஸ் ஓட்டுபவர். பிரஸ் என்றால் அச்சகத்து இயந்திரம் இல்லை, மேலிருந்து இறங்கி இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுவது. தொம்மலூரில் குடியிருந்தார். நாற்பது வயது இருக்கும். கேன்டீனில் என்னைப் பார்த்தால், "அக்கா, என் மிஷின ஒரு தடவையாவது நல்லதுக்கு வந்து போட்டோ எடுங்கக்கா, எப்பவும் உடைஞ்சாதான் வரீங்க" என்று கிண்டல் செய்வார்.

ஒருநாள் காலை ஷிஃப்டில் அவருடைய பன்னிரண்டாம் நம்பர் பிரஸ் இறங்கி அவர் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போகும்போது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இயந்திரத்தை யாரும் தொடவில்லை. முன்னால் இருந்த பாதுகாப்புக் கதவு திறந்தபடி இருந்தது. பக்கத்தில் கிரீம் கலர் பலகையில் இரண்டு வட்ட விளக்குகள், அடுத்தடுத்து, சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. வெளிச்சம் போதவில்லை, ஃபிளாஷ் போட்டேன். இருபத்திரண்டு படம். நான் எண்ணினேன்.

அந்த விளக்குகள் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். கதவு திறந்திருந்தால் அவை எரியும். எரியும்போது பிரஸ் இறங்கவே கூடாது. எரிந்தும் இறங்கியது என்றால் இயந்திரத்தில் கோளாறு, பராமரிப்புக்காரர்கள் பொறுப்பு. வேலை வேகமாக ஓடட்டும் என்று சிலர் கதவின் சுவிட்சைக் கம்பியால் கட்டிவிடுவது உண்டு. கட்டிவிட்டால் கதவு மூடியிருப்பதாக இயந்திரம் நினைத்துக்கொள்ளும். கதவு திறந்திருந்தாலும் விளக்கு எரியாது. அப்போது குற்றம் ஓட்டியவருடையது. ஆக, அந்த இரண்டு விளக்கும் எரிந்தனவா இல்லையா என்பதுதான் செல்வத்தின் வாழ்க்கை.

திரும்பி வந்து கேமராவைக் கேபிளில் மாட்டினேன். ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். "ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்துட்டு இருக்கார் மேடம். சீக்கிரம் பிரின்ட் வேணும்." நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஓகே. இருபத்திரண்டு இறங்கியது. மனதுக்குள் கேசவமூர்த்தி சார் எஷ்டு என்றார், சரியாக இருக்கிறது சார் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். கேமராவில் பார்த்தால் கார்டு காலி. இறக்கியதும் அழித்துவிடுவதும் அந்த டிக்குகளில் ஒன்று.

பிரின்ட் வெளியே வந்தபோது விளக்குகள் கறுப்பாக இருந்தன. சிவப்பாகத்தானே பார்த்தேன். பிறகு என் முப்பது வருட அனுபவம் எனக்குச் சமாதானம் சொன்னது: ஃபிளாஷ் பட்டால் சின்ன விளக்குகள் மங்கித் தெரியும். உண்மைதான், மங்கும். மங்கினால் வெளுக்கும், கறுக்காது. அதைக்கூட யோசிக்கவில்லை, ஏனென்றால் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "இவை என்னால் எடுக்கப்பட்டவை, எந்த மாற்றமும் செய்யப்படவில்லை" என்ற வழக்கமான தாளில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலமே உற்பத்தி நிற்கக் கூடாது என்று கதவின் சுவிட்சை மாற்றிவிட்டார்கள். பழைய சுவிட்ச் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே கூடியிருந்த மற்றவர்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்க்கவில்லை. மிச்சம் இருந்தது என் படம்தான். சுவிட்சைக் கட்டினார் என்று செல்வத்துக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக வைத்திருந்தார்கள். செல்வம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் தரப்பில் யாரைக் கேட்க வேண்டும் என்றார்கள். "ஸ்டெல்லாக்காவைக் கேக்கணும் சார்" என்றார். வேறு யாரையும் அவர் கேட்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் என் படம் கிடந்தது.

"அக்கா, நீங்க வந்தப்போ அந்த ரெண்டு லைட்டும் எரிஞ்சுதா இல்லையா? அது மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் செல்வம்.

நான் படத்தைப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை.

"படத்துல என்ன இருக்கோ அதுதான் சார்" என்றேன், அவருக்குச் சொல்லாமல் விசாரணை அதிகாரிக்கு.

"படத்தை விடுங்கக்கா. நீங்க பார்த்தீங்க இல்ல?"

"படத்துல இருக்கறதத்தான் நாங்க சொல்ல முடியும்."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். தெளிவான சாட்சி என்று தன் அறிக்கையில் என்னைப் பாராட்டியும் இருந்தாராம். ஒரு மாதத்தில் செல்வத்தை வேலையை விட்டு எடுத்தார்கள்.

அந்த வருட ஆயுத பூஜையில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் ஒவ்வொரு இயந்திரமும் குளித்த மாதிரி பளபளக்கும். சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் வட்டமாகக் குங்குமப் பொட்டு வைப்பார்கள். நான் மாதா கோவிலுக்குப் போகிறவள்தான், ஆனால் வருடாவருடம் அதைப் படம் எடுப்பதும், பொரியும் சுண்டலும் மடியில் கட்டிக்கொண்டு வருவதும் நான்தான். கேன்டீன் சுவரில் படங்களை ஒட்டுவது வழக்கம். அந்த வருடம் ஒட்டிய அரைமணி நேரத்தில் ஆட்கள் என் அறைக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன மேடம் இது, மிஷினுக்கெல்லாம் கறுப்புப் பொட்டு வெச்சிருக்கீங்க? எழவு வீடா இது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்தனத்தின் மேல் இருந்த குங்குமம் பாதிப் படங்களில் கறுத்திருந்தது. மாலையில் இருந்த சிவப்பு ரோஜா அப்படியே சிவப்பாக இருந்தது. வாழைப்பூ சிவப்பாக இருந்தது. வட்டமாக இருந்த சிவப்பு மட்டும், தோல் நிறத்துச் சந்தனத்தின் மேல் இருந்தது மட்டும், கறுப்பு.

அறைக்கு வந்து கேமராவை மாட்டி, அந்தப் பொடி எழுத்தை முதல் முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மூன்றாவது டிக்: சிவந்த கண்களைத் தானாகச் சரிசெய். ஃபிளாஷ் பட்டால் மனிதர்களின் கண்மணி சிவப்பாக விழும் அல்லவா, அதைத் தேடிக் கறுப்பாக்கும் வசதி. கிரீம் கலர் பலகையில் அடுத்தடுத்து இரண்டு சிவப்பு வட்டம் இருந்தால் அதற்கு அது ஒரு முகம். செல்வத்தின் விளக்குகளை அது கண்கள் என்று நினைத்துச் சரிசெய்துவிட்டது.

மறுநாள் பன்னிரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் கதவைத் திறக்கச் சொல்லி, எரிகிற விளக்குகளைப் படம் எடுத்தேன். கார்டை ஜெபமாலைப் பர்ஸில் மறைத்து வாசல் சோதனையைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆஸ்டின் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் கார்டு ரீடர் இருந்தது. சார் சொன்ன முறைப்படி காப்பி செய்து பிரின்ட் போட்டேன். விளக்குகள் சிவப்பு. மறுநாள் அதே கார்டைக் கேமராவில் போட்டு, ஆபீஸ் மென்பொருள் வழியாக இறக்கிப் பிரின்ட் போட்டேன். விளக்குகள் கறுப்பு. ஒரே படம், இரண்டு தாள்.

இரண்டையும் பெர்சனல் ஆபீசரின் மேஜைமேல் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். முட்டாள் இல்லை, உடனே புரிந்துகொண்டார்.

"இது இப்போ எடுத்தது மேடம். அன்னிக்கு எடுத்தது இருக்கா?"

"அதை சாஃப்ட்வேர் அழிச்சிடுச்சு சார்."

"அப்போ அன்னிக்கு என்ன இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"நான் பார்த்தேன் சார். எரிஞ்சுது."

"விசாரணையில அப்படிச் சொல்லலையே நீங்க." படங்களை மெதுவாக என் பக்கம் தள்ளினார். "எந்த மாற்றமும் பண்ணலைன்னு உங்க கையெழுத்து இருக்கு. அது தப்புன்னு இப்போ எழுதிக் குடுத்தா, பொய் சர்டிபிகேட் குடுத்தீங்கன்னு ஆகும். அப்புறம் விசாரணை உங்க மேல. இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு உங்களுக்கு?"

"ஏழு."

"யோசிச்சு எழுதிக் குடுங்க. நான் வேணாம்னு சொல்லல." அவர் மிரட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும்கூட எடுத்து வைத்தார்.

அந்தத் தாளை மடித்துப் படங்களோடு கவரில் போட்டு, வீட்டுக்கு வந்து, இரும்பு பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அது அங்கே ஏழு வருடம் கிடந்தது. செல்வம் லேபர் கோர்ட்டுக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். நாலு வருடம் கேஸ் நடந்தது. நாலு வருடமும் என் கையெழுத்துதான் அவருக்கு எதிராகப் போய் நின்றது. கவர் பீரோவில் இருந்தது. தோற்றுவிட்டார் என்று கேன்டீனில் யாரோ சொன்னார்கள். அன்று நான் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன் என்பது நினைவிருக்கிறது. மனிதரால் எதையும் தாங்கிக்கொண்டு சாப்பிட முடியும்.

கேசவமூர்த்தி சாரிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து வைத்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன், வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஓய்வு பெற்று, எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்து சேர்ந்த மறு மாதம்தான் செல்வத்தைத் தேடிப் போனேன். முன்னாலேயே ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது: பயம். வேறு அலங்காரம் எதுவும் அதற்குச் செய்ய விரும்பவில்லை.

தொம்மலூர் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சந்தாபுரா பக்கம் போய்விட்டார் என்றார்கள். ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். நான் போனபோது வாசல் ரிஜிஸ்டரில் ஒரு காரின் நம்பரை இடது கையால் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்கக்கா. உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க." தன் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பாட்டிலில் இருந்து தண்ணீர் கொடுத்தார்.

நான் உட்காரவில்லை. கவரைப் பிரித்து இரண்டு படங்களையும் அவரிடம் கொடுத்து, மென்பொருள், டிக், சிவந்த கண், குங்குமம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். இதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். என் மேல் தப்பு இல்லை, அந்த மென்பொருள் மேல்தான் என்று அவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. இப்போது எழுதும்போதுதான் அது எனக்கே நன்றாகத் தெரிகிறது.

செல்வம் படங்களை மூன்று விரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்கு எதுக்குக்கா? லைட்டு எரிஞ்சுது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"படம் தப்பா வந்துடுச்சு செல்வம். அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"படத்த நான் கூப்பிடலையேக்கா" என்றார். குரலில் கோபம் இல்லை. "உங்களத்தான கூப்பிட்டேன்."

ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் போய்க் கதவைத் திறந்துவிட்டு, நம்பரை எழுதிக்கொண்டார். நான் கிளம்பும்போது, பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று வழியும் காட்டினார்.

நாகராஜ், உங்கள் இரண்டு பக்கம் தாண்டிவிட்டது. நல்ல விஷயம் எதுவும் இதில் இல்லை. மலரில் போடுவதும் போடாததும் சங்கத்தின் இஷ்டம். என் படத்தையும் அனுப்பியிருக்கிறேன், மச்சம் உள்ள பழைய படம். இதோடு, பெர்சனல் ஆபீசர் கொடுத்த அந்த வெள்ளைத் தாளையும் இணைத்திருக்கிறேன். மடிப்பில் பழுத்துப்போயிருக்கிறது, ஆனால் இப்போது அதில் எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

செல்வத்தின் விரல்கள் போன அன்று காலை, பன்னிரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் கதவு திறந்திருந்தது. இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன. நான் பார்த்தேன்.